ஹொரேஸ் டாக் இரண்டு தடவை துண்டை வீசினார்

ஹொரேஸ் டாக் வீட்டு வாசல் கதவு பாதி பச்சை, பாதி பழுப்பு. ஆறு வருஷமாக அப்படித்தான் நிற்கிறது. இரண்டு பெயிண்ட்டையும் வாங்கி வந்து பாதிப் பாதியாக அடித்துப் பார்த்து, எது நன்றாயிருக்கிறது என்று தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததில் பிரஷ் காய்ந்து போனதுதான் மிச்சம். பெண் பிறந்தபோது பெயர் வைக்க ஐந்து வாரம் யோசித்தார். பதிவு செய்யக் கெடு முடிகிற அன்று அவர் மனைவி மேவிஸ் தானே ஆபீசுக்குப் போய் ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "உன் பொண்ணு பேரு ஹில்டா. மறந்துடாதே" என்றாள். இந்த மனுஷர் கையில்தான், போயும் போயும், ஒரு கவுண்டி கிரிக்கெட் அணியைக் கொடுத்தார்கள்.

வேறு வழியில்லை. அறுபத்தெட்டாம் வருஷம் செப்டம்பர், சீசனின் கடைசி ஆட்டம். கேப்டனுக்கு விரல் முறிந்துவிட்டது. அணியில் மூத்தவர் ஹொரேஸ்தான். நாற்பத்தொரு வயது, இருபது வருஷமாக ஆஃப் ஸ்பின் போடுகிறவர், குளிர்காலத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறவர். பந்து போடுவதில் அவருக்குக் குழப்பமே வந்ததில்லை, ஏனென்றால் அவரிடம் இருந்தது ஒரே வகைப் பந்து. கிளப் செயலாளர் போனில் கூப்பிட்டு, "மூணே நாள்தான் ஹொரேஸ். டாஸ் போடு, ஆளுங்களை நிறுத்து, எப்ப டிக்ளேர் பண்றதுன்னு சொல்லு. வேற ஒண்ணுமே இல்ல" என்றார். முதல் இரண்டையும் ஹொரேஸ் தாங்கிக்கொண்டார். மூன்றாவதைக் கேட்டதும் கையிலிருந்த ரொட்டி அப்படியே தட்டுக்குத் திரும்பிவிட்டது.

அது சாதாரண விஷயமா? நன்றாக அடித்துக்கொண்டிருக்கிற நம் ஆட்களையே நாம் போதும் என்று கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். சீக்கிரம் கூப்பிட்டால் எதிராளி எடுக்க வேண்டிய ரன் குறைந்து, அவன் ஜெயித்துவிட்டுப் போய்விடுவான். தாமதமாகக் கூப்பிட்டால் அவனை அவுட் ஆக்க நமக்கு நேரம் இருக்காது. ஆட்டம் டிராவாகி எல்லோரும் கொட்டாவி விட்டபடி பஸ் பிடிக்க வேண்டியதுதான். அதனால் மூன்றாம் நாள் காலையில் இரண்டு கேப்டன்களும் தரையைச் சமப்படுத்துகிற ரோலர் பக்கம் ஒதுங்கி, மீன் பேரம் மாதிரி பேசி முடித்துக்கொள்வது அங்கே வழக்கம். எழுத்தில் எதுவும் கிடையாது. ஆனால் அங்கே கொடுத்த வார்த்தையை மீறினவனோடு அப்புறம் ஒருத்தனும் சேர்ந்து பீர் குடிக்க மாட்டான்.

எதிரணி கேப்டன் லயனல் ஃபேன்ஷா, கழுத்தில் பட்டு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு ஆடுகிற பேர்வழி. "என்னப்பா ஹொரேஸ், எப்ப விடறே?" என்று ரோலரில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"ரெண்டரைன்னு வச்சுக்கலாமா? இல்ல மூணே காலா? ரெண்டே முக்கால்கூடப் பரவாயில்ல."

"நான் உன்கிட்ட கேட்டேன்பா. நீ எனக்கு ரயில் அட்டவணை வாசிக்கிறே. மூணு மணி. ஸ்கோர் என்னவா இருந்தாலும் மூணு."

"சரி, மூணு" என்றார் ஹொரேஸ். அடுத்தவர் முடிவெடுத்துக் கொடுத்ததில் அவருக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா மத்தியானம் வரைக்கும்தான் நீடித்தது.

ஏனென்றால் சிரில் பெக் அடிக்க ஆரம்பித்துவிட்டான். ஹொரேஸும் அவனும் ஒரே ஓட்டல் அறையில் பதினேழு வருஷம் படுத்து எழுந்தவர்கள். ஹொரேஸின் குறட்டைக்கு சிரில் பூட்ஸை எறிவான், அவ்வளவு நெருக்கம். முந்நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடியும் சிரில் ஒரு தடவைகூட நூறு அடித்ததில்லை. தொண்ணூற்றாறில் ஒருமுறை அவுட், தொண்ணூற்று மூன்றில் இரண்டு முறை, தொண்ணூற்றொன்றில் தன் நிழலைப் பார்த்துத் தடுக்கி ஸ்டம்ப் மேலேயே விழுந்து ஒருமுறை. பாரில் அவன் பேரே தொண்ணூத்தாறுதான். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பக்கத்துக் கட்டிலில் படுத்தவருக்குத் தெரியும். இது அவனுடைய கடைசி ஆட்டம். திங்கட்கிழமையிலிருந்து மச்சானின் நாற்றுப் பண்ணையில் தக்காளிக்குத் தண்ணீர் விடப் போகிறான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது சிரில் எழுபத்தொன்று. மைதானத்துக்குப் பின்னால் ஜாம் தொழிற்சாலை. பிளம் பழம் கொதிக்கிற வாசனை ஊரையே தூக்கிக்கொண்டு போனது. மேவிஸ் அங்கேதான் வேலை செய்தாள். இடைவேளையில் ஒரு தட்டு நிறைய, ஜாம் வைத்துச் சுட்ட டார்ட்டோடு பெவிலியன் பால்கனிக்கு ஏறி வந்தாள்.

"இன்னிக்கு சிரிலுக்கு நூறு வரலைன்னா நீ வீட்டுக்கு வராதே" என்றாள்.

"அடிக்கிறது அவன். நான் என்ன பண்ண முடியும்?"

"நடுவுல கூப்பிடாம இருக்க முடியும்ல?"

"மூணு மணிக்குக் கூப்பிடறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் மேவிஸ்."

"அப்ப மூணு வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்கு ஓடினாள்.

நல்ல புத்திமதி. கேட்டிருக்கலாம். இரண்டு முப்பத்தைந்துக்கு ஸ்கோர்போர்டில் சிரில் தொண்ணூற்றெட்டு என்று தொங்கியது. அணிக்கு இருநூற்று நாற்பத்து மூன்று ரன் முன்னிலை. ஹொரேஸுக்குத் தாங்கவில்லை. பதற்றத்தில் ஒரு டார்ட்டை எடுத்து வாயில் போடப் போனார். தொழிற்சாலைக் குளவி ஒன்று அவருக்கு முன்பே அதன் மேல் உட்கார்ந்திருந்தது. ஐயோ என்று எழுந்தார். குளவி அவர் மூக்கைக் குறி வைத்தது. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவி, பால்கனி விளிம்பில் நின்று, தலைக்கு மேல் சுற்றோ சுற்றென்று சுற்றினார்.

கவுண்டி ஆட்டத்தில் பால்கனியிலிருந்து கேப்டன் கையை ஆட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், டிக்ளேர். ஃபேன்ஷா கை தட்டினார். அம்பயர் கிரைம்ஸ் ஸ்டம்ப் மேலிருந்த பெயில்ஸை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பதின்மூன்று ஆட்டக்காரர்களும் பெவிலியனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். முதல் ஆளாக, பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிரில் வந்தான்.

குளவி போய்விட்டது. ஹொரேஸ் கீழே பார்த்தார். பூட்ஸைக்கூட மாட்டாமல் சாக்ஸோடு படியிறங்கி ஓடினார்.

"எங்கடா வர்றே?"

"நீதானேடா கூப்பிட்டே?" என்றான் சிரில்.

"நான் எங்க கூப்பிட்டேன்? குளவிடா!"

அதற்குள் ஃபேன்ஷா சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். "பெரிய மனசுப்பா உனக்கு. இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடியே விட்டுட்டே. இருநூத்து நாப்பத்து நாலுதானே, பொழுதோட முடிச்சுட்டு ஊருக்குக் கிளம்பிடுவோம்."

"டாக், டிக்ளேர் பண்ணியா இல்லையா? அதைச் சொல்லு. ரோலர்க்காரன் காத்துக்கிட்டிருக்கான்" என்றார் கிரைம்ஸ்.

ஹொரேஸ் துண்டைப் பார்த்தார், சிரிலைப் பார்த்தார். இல்லை என்றால் நாளைக்குப் பேப்பரில் படித்து ஊரே சிரிக்கும். திரும்பிப் போய் சிரில் தொண்ணூற்றெட்டிலேயே அவுட்டானால் அந்தப் பாவம் தன் தலையில்தான் விடியும். ஆமாம் என்றால் காரியம் முடிந்தது. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பதினேழு வருஷம்? பச்சையும் பழுப்பும் மாறி மாறிக் கண்ணுக்குள் வந்து போயின.

இதற்குள் சிரில் படியில் உட்கார்ந்து ஒரு காலிலிருந்து பேடை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான். "விடு ஹொரேஸ். ரெண்டு ரன்தானே. எனக்கு இது புதுசா என்ன?" என்றான்.

அவன் முகத்தில் வருத்தமே இல்லை. நிம்மதி இருந்தது. பல் பிடுங்கப் போனவனிடம் டாக்டர் இன்றைக்கு லீவு என்று சொன்னால் வருமே, அந்த நிம்மதி. அதைப் பார்த்ததும் ஹொரேஸுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ தெரியவில்லை, காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

"பேடைக் கட்டுடா" என்றார்.

"என்னது?"

"பேடைக் கட்டிக்கிட்டு உள்ள போ. கிரைம்ஸ், நான் டிக்ளேர் பண்ணல. லயனல், மூணு மணின்னா மூணு மணி. ஒரு நிமிஷம் முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல."

ஹொரேஸ் டாக் தானாக எடுத்த முதல் முடிவு அது. எடுத்த பிறகு படிக்கட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஃபேன்ஷா அவரை மேலும் கீழும் பார்த்தார். பெரிய விரல் எட்டிப் பார்க்கிற சாக்ஸைப் பார்த்தார். "நியாயம்தான்" என்று சொல்லித் தன் ஆட்களைத் திருப்பிக்கொண்டு போனார்.

அப்புறம் நடந்தது ஆட்டமா, சித்திரவதையா? மறுபடி தொடங்கும்போது மணி இரண்டே முக்கால். சிரில் தடுத்தான், விட்டான், மறுபடி தடுத்தான். எதிர்முனையில் நின்ற நெட் கோட்டம் என்பவன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி ஒரு நாலு அடித்துவிட்டு, தப்பு செய்துவிட்டவன் போல சிரிலிடம் மன்னிப்புக் கேட்டான். தொழிற்சாலை ஜன்னல் முழுக்கத் தலைகள். பிளம் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. சர்ச் கடிகாரத்தின் முள் ஐம்பத்தைந்தைத் தாண்டியது. ஹொரேஸ் டார்ட் தட்டை பால்கனியின் கடைசி மூலைக்குத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு ஒரு பந்து சிரிலின் பேட்டில் ஓரமாகப் பட்டு, ஸ்லிப்பில் நின்றவன் கைக்கு ஒரு சாண் தள்ளி நழுவி ஓடியது. அழகான ஷாட் என்று சாட்சி சொல்ல ஆளே இல்லை. ஒன்று ஓடினார்கள். இரண்டாவதுக்கு சிரில் ஓடிய ஓட்டத்தில் தொப்பி பறந்து போய் விழுந்தது. நூறு.

தொழிற்சாலைப் பெண்கள் கரண்டியால் அண்டாவைத் தட்டினார்கள். அம்பயர் கிரைம்ஸ் சிரிலின் கையைக் குலுக்கிவிட்டு, செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர் போல அவசரமாகத் தள்ளிப் போய் நின்றார். ஹொரேஸ் வாய்விட்டு அழுதார், அந்தத் துண்டிலேயே மூக்கைச் சிந்தினார். சர்ச் மணி மூன்று அடித்தது. வாக்கு வாக்குதான். எழுந்து, ஈரத் துண்டைத் தலைக்கு மேல் நன்றாக உயர்த்தி வீசினார்.

யாரும் வரவில்லை. ஓவரில் இன்னும் நாலு பந்து பாக்கி, போட்டுக்கொண்டிருந்த ஃபேன்ஷா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். அம்பயர் பால்கனியைக் காட்டி ஏதோ கேட்டார். சிரில் அண்ணாந்து பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். "குளவி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஃபேன்ஷாவும் சிரித்துக்கொண்டே பந்து போட்டார். நாலு. அடுத்தது ஜாம் தொழிற்சாலைக் கூரைக்கு மேல், ஆறு. ஹொரேஸ் துண்டை வலப்பக்கம் வீசினார், இடப்பக்கம் வீசினார், நாற்காலி மேல் ஏறி நின்று வீசினார். மறுபடி நாலு. தாங்காமல் படியிறங்கி, மறுபடியும் சாக்ஸோடு எல்லைக்கோட்டைத் தாண்டி, "டிக்ளேர்டா! டிக்ளேர்! குளவி இல்லடா!" என்று கத்திக்கொண்டே ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் இன்னொரு நாலும் அடித்து ஓவர் முடிந்திருந்தது. சிரில் நூற்றுப் பதினெட்டு, முன்னிலை இருநூற்று அறுபத்தேழு.

அந்தப் பதினெட்டு ரன்தான் ஆட்டமே. ஃபேன்ஷாவின் ஆட்கள் விடாமல் துரத்தி இருநூற்று ஐம்பத்தொன்பது வரை வந்துவிட்டார்கள். ஆறு நிமிஷம் பாக்கி இருக்கும்போது கடைசி ஆளை ஹொரேஸ் தன்னிடமிருந்த அந்த ஒரே பந்தைப் போட்டு அவுட் ஆக்கினார். எட்டு ரன்னில் வெற்றி. ஃபேன்ஷா வந்து ஸ்கார்ஃபைக் கழற்றி ஹொரேஸ் கழுத்தில் போட்டு, "சரியான நேரம் பார்த்து டிக்ளேர் பண்ணினேப்பா" என்றார். பீரும் வாங்கிக் கொடுத்தார்.

பாரில் சிரிலை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லோரும் திணறிக்கொண்டிருந்தார்கள். ஹொரேஸ் அவனை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"டேய், உண்மையைச் சொல்லு. ரெண்டாவது தடவை நான் வீசினது நிஜமாவே குளவின்னா நினைச்சே?"

"இல்ல. அழுதுக்கிட்டே வீசினே. குளவிக்கு யாரு அழுவா?"

"அப்ப ஏன்டா வரல?"

சிரில் கிளாசைக் கீழே வைத்தான்.

"முதல் தடவைதான்டா குளவின்னு தெரியும். அங்கேருந்தே தெரிஞ்சுது, நீ ஆடின ஆட்டத்துலயே. பயம். இன்னும் ரெண்டு ரன் அடிக்கணுமேன்னு. தப்பிச்சோம்டான்னு வந்துட்டேன். நீதான் பேடைக் கட்டுன்னே." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். இந்தச் சிரிப்பை ஹொரேஸ் பதினேழு வருஷத்தில் பார்த்ததில்லை. "நூறு அடிச்சதுக்கு அப்புறம் பார்த்தா பயத்தைக் காணோம். இன்னும் கொஞ்சம் ஆடலாம்போல இருந்துச்சுடா. அதான் வரல."