ஏழாவது அலமாரி

அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அவர் மகன், என் மருமகன், கேட்டு இருபத்திரண்டு நாட்கள் ஆகின்றன. ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஆறாவது. இதையும் கிழிப்பதற்குள் அச்சகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பெரியபாளையத்துக்கு அருகிலுள்ள ஆரணிக்குக் கிழக்கே மூன்று மைலில், எங்கள் நெல்வயலை ஒட்டிய வீட்டில் அக்கா பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் அக்கா மூத்தவர், நான் கடைசி. நடுவில் மூவரும் முன்பே காலமாகிவிட்டார்கள். ஆகவே இதில் பிழை இருந்தால் திருத்த வேறு ஆள் இல்லை. அந்தக் கவலையும் எனக்கு உண்டு.

எட்டாம் வகுப்போடு நைனா அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். பதினெட்டு வயதில் அக்கா திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் வாழ்க்கைப்பட்டார். மாமா அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். நல்ல மனிதர். ஆனால் முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் இறந்தே பிறந்தது. இரண்டாவதும் அப்படியே. உடம்பு தேறட்டும் என்று சொல்லி, அக்காவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அறுபதுகளின் கடைசி. அது ஒரு கார்த்திகை மாதம்.

இதற்குப் பிறகு நடந்ததாக உறவினர்கள் அறிந்த கதை ஒன்று உண்டு. தம்பி நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகம்தான் மூன்றாவது பேற்றில் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியது என்பது அது. அப்படிப் பிறந்தவர்தான் இந்த மலரை வெளியிடும் மருமகன். அவருடைய ஒவ்வொரு பிறந்தநாளிலும் முதல் லட்டு என் கைக்குத்தான் வரும். அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது.

அப்போது நான் ஆரணியில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை எண்ணும் வேலையில் இருந்தேன். வயது இருபது. நூலகம் மில்லுக்கு நான்கு கட்டிடம் தள்ளி. பெண்கள் அங்கே போகும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. என் பெயரிலிருந்த அட்டைக்கு வாரம் ஒரு புத்தகம் தருவார்கள். எந்த மாதிரிப் புத்தகம் வேண்டும் என்று அக்காவைக் கேட்டேன்.

"அங்க இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சாத்தானடா கேக்க முடியும்? வரிசையா ஒண்ணொண்ணா எத்துனு வா."

மொத்தம் பத்து அலமாரிகள். ஓர் அலமாரிக்கு ஒரு பொருள். சனிக்கிழமைக்கு ஓர் அலமாரி என்று வைத்துக்கொண்டேன். பக்தி, தேச சரித்திரம், தேனீ வளர்ப்பு, எரிமலைகள், கிணறு வெட்டுவது, நட்சத்திரங்கள். அக்கா எதையும் உட்கார்ந்து படித்ததில்லை. அடுப்புக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே புத்தகமும் கையுமாக நடந்துகொண்டே இருப்பார். உப்புத் தண்ணீர் பற்றிப் படித்த வாரம், கிணற்றை வெட்டிய இடமே தவறு என்று நைனாவிடம் சண்டை. நிலாவைப் பற்றிப் படித்தபோது கொட்டகைச் சுவர் முழுக்கக் கரியால் பதினைந்து வட்டங்கள்.

"போன வாரம் தேனீ, இந்த வாரம் எரிமல. சீட்டுக் கட்டு கலைக்கிறியாடா?" என்று சிரிப்பார். ஆனால் செவ்வாய்க்கிழமைக்குள் புத்தகம் முடிந்துவிடும். மீதி நான்கு நாட்கள் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார்.

ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் அலமாரி எண்ணை ஊதா மையில் எழுதி வைப்பது நூலகரின் பழக்கம். நான் மட்டும்தான் எண்ணுகிறேன் என்று நினைத்திருந்தேன். முதல் சுற்று முடிந்த வாரம் அக்கா கேட்டார்.

"ஆறு வந்துச்சி, எட்டு வந்துச்சி. ஏழு எங்கடா?"

"அது பூட்டிக் கிடக்குதுக்கா. சாவி தொலஞ்சி போச்சாம்."

ஏழாவது அலமாரியில் இருந்தவை உடம்பு, வைத்தியம், பிரசவம் பற்றிய புத்தகங்கள். முதல் சுற்றிலேயே அதைத் திறந்து ஒன்றை எடுத்தேன். அட்டையில் கருப்பைக்குள் குழந்தை படம். அதை அக்கா கையில் எப்படிக் கொடுப்பது, நூலகர் என்ன நினைப்பார் என்று வைத்துவிட்டு எட்டாவதற்குப் போய்விட்டேன். அடுத்த மூன்று சுற்றிலும் அப்படியே. ஒன்பது வாரத்துக்கு ஒரு சுற்று, நான்கு சுற்று, முப்பத்தாறு புத்தகங்கள். ஏழை நான்கு முறை தாண்டினேன். சாவி கிடைத்ததா என்று அக்காவும் மறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமா ஞாயிறுதோறும் வருவார். பங்குனியில் அக்கா மறுபடி கருவுற்றிருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகும் நான் ஏழைத் தாண்டினேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஆடி ஞாயிறு ஒன்றில் குடும்பமே பெரியபாளையம் அம்மனுக்கு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டது. ஆரணி வந்ததும் தலை சுற்றுவதாகச் சொல்லி அக்கா இறங்கிக்கொண்டார். திரும்பும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று அம்மா என்னைத் துணைக்கு விட்டுப் போனார். வண்டி மறைந்தது. தலைசுற்றலும் நின்றது. அக்கா என்னைக் கேட்காமலே நூலகத்துக்கு நடந்தார். வெள்ளிதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். வந்த புத்தகங்களை அடையாளம் கண்டு விரலால் தட்டினார். ஆறு வந்தது. ஏழின் கைப்பிடியை இழுத்தார். திறந்துகொண்டது.

"சாவி கெடச்சிடுச்சிங்களா?" என்று நூலகரைக் கேட்டார்.

"சாவியா? பூட்டு மாட்னா கதவே கயண்டு வந்துடும்மா. அதுக்கு ஏது பூட்டு?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்தப் படம் போட்ட புத்தகத்தையே எடுத்தார். முந்தானையால் மூடாமல் வெளியே கொண்டுவந்தார். தெருவில் பாதி தூரம் வந்த பிறகுதான் பேசினார்.

"கூச்சமாடா?"

தலையாட்டினேன்.

"எனக்கு ரெண்டு கொயந்த போச்சி. உனக்குக் கூச்சம்."

அதற்குமேல் அவராக அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

ஐப்பசி மழையில், எட்டாம் மாதம், அக்காவின் காலும் முகமும் வீங்கின. தலைவலி. கண் மங்கியது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம், கஷாயம் போதும் என்றார் அம்மா. முதல் இரண்டு முறையும் இதேபோல் வீங்கியதையும், இதே கஷாயத்தைக் குடித்ததையும் அக்கா நினைவுபடுத்தினார். புத்தகத்தைப் பிரித்து, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் தாமதிக்கக் கூடாது என்ற பக்கத்தை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். பிறகு என்னிடம், "வண்டி பாத்துனு வா" என்றார்.

திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பகல் ஒன்றரை மணி. மூன்றாம் நாள் மருமகன் பிறந்தார். எப்படித் தெரிந்துகொண்டாய் என்று மாமா கேட்டதற்கு, "தம்பி எத்துனு வந்த பொஸ்தகம்" என்றார் அக்கா. நான் இரண்டு கையிலும் இரண்டு பிளாஸ்க்குடன் அங்கேயே நின்றிருந்தேன்.

எழுபதுகளில் எனக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் வேலை கிடைத்தது. அங்கேயும் எண்ணுவதுதான். அக்கா மணவாள நகருக்குத் திரும்பி, திருவள்ளூர் நூலகத்தில் தன் பெயரிலேயே அட்டை வாங்கினார். மேலும் இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்தார். தெருவில் எந்தப் பெண் கருவுற்றாலும் அக்காவே போய்க் கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, வேண்டுமானால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். பார்வை போன பிறகு, கடைசி நான்கு மாதங்கள் நான் வாசித்துக் காட்டினேன். புத்தகத்தைத் திறந்ததும், எந்த அலமாரி என்றுதான் முதலில் கேட்பார்.

அந்த நாட்களில் ஒருமுறை, உண்மையைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"உட்றா. வருசா வருசம் அந்த லட்டு துன்றியே, தொண்டையில எறங்குதா?"

இறங்கவில்லை என்றேன்.

"அது போதும்," என்று சிரித்தார்.

கடைசிப் பக்கத்துக்காக, நன்றிக்குரியவர்கள் என்று மருமகன் ஐந்து பேரை எழுதி அனுப்பியிருந்தார். வாராவாரம் தவணையை நீட்டிக் கையெழுத்திட்டு மூன்று மாதம் அந்தப் புத்தகத்தை அக்காவிடமே விட்டுவைத்த நூலகர், மழையில் வண்டி ஓட்டியவர், பிரசவ அறை நர்சம்மா, கடைசிவரை கவனித்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண். இவர்களுக்கு முன்னால் முதல் பெயராக என் பெயர். அதை அடித்துவிட்டேன். இப்போது நான்கு பேர். எண்ணிக்கை சரி.