புட்டியில் வந்த சக்தி

அண்ணனின் பேரன் பந்து விளையாடிவிட்டு வந்தால் ஒரு பாட்டில் நீல நிறத் தண்ணீர் குடிக்கிறான். குன்னூர்க் கடையில் வாங்குவது. மைப்புட்டி கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றால் கோபித்துக்கொள்கிறான். ஒருநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். தண்ணீர், சீனி, புளிப்புக்கு ஓர் அமிலம், கொஞ்சம் உப்பு, நிறம், வாசனை. இவ்வளவுதான் சங்கதி. மேலே ஒரு மின்னல் படம். மின்னலாம், மண்ணாங்கட்டியாம்.

"எலக்ட்ரோலைட் இருக்குது சின்னத் தாத்தா."

"உப்புன்னு எழுதுனா எவன்டா இந்த வெலைக்கு வாங்குவான்?"

பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தச் சரக்கின் மூத்த அவதாரம் எங்களிடம் காட்டிய வேலையை அவன் பார்த்ததில்லை.

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, நெல்லியாளம் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் ஒதுங்கியிருந்த காலம். அண்ணன் தற்காலிகக் கூலி. நிரந்தரமானால்தான் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கென்று ஓர் அறை கிடைக்கும். அதுவரை மாமாவின் ஒற்றை அறையில் பாதியைச் சேலை கட்டி மறைத்துக்கொண்டு இருந்தோம். பாத்திரத்தை மாமி கீழே வைக்கிற சத்தம் வரவரக் கூடிக்கொண்டு போனது.

தோட்டத்து மேனேஜர் துரைக்கு வாலிபால் பைத்தியம். பக்கத்துத் தோட்டத்தை ஜெயித்துக் கொடுத்தால் அண்ணனுக்கு ஃபேக்டரியில் நிரந்தர வேலை என்று வாக்குக் கொடுத்திருந்தார். தேயிலையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தேயிலை வேலை கொடுக்க அவன் பந்தடிப்பதைப் பார்க்கிற துரை. எப்படியோ போகட்டும், எங்களுக்கு அறை வேண்டும்.

போட்டியன்று பெரிய கிளார்க் குடையும் கையுமாக வந்து ஒரு கண்ணாடிப் புட்டியை நீட்டினார். உள்ளே ஆரஞ்சு நிறத் தூள். புட்டியின்மேல் ஒரு வெள்ளைக்காரன் ஓடிக்கொண்டிருந்தான்.

"வெறும் சக்கரைன்னு நெனச்சுக்காதீங்கப்பா. குளுக்கோஸ், வைட்டமின் எல்லாங் கலந்திருக்குது. பட்டணத்துல பந்தாடறவங்க இதத்தான் சாப்படறாங்க."

எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லவில்லை. புட்டியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவர் படித்திருந்தால்தானே சொல்வதற்கு. அணியில் நான் உட்பட எல்லோரும் இலங்கையிலிருந்து வந்தவர்கள்; எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. இலங்கைத் தோட்டத்தில் தேத்தண்ணியில் சீனியைக் கலந்து வீணாக்க மாட்டோம். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. முதல் செட்டை ஜெயித்துவிட்டு வந்ததும் இதற்கும் அப்படியே கை நீட்டினோம்.

"அண்ணனுக்குக் கூடக் கொஞ்சம் போடுங்கடா. அவருக்குத்தானே வேலை" என்றான் எங்களில் ஒருவன்.

ஆளாளுக்குத் தங்கள் பங்கில் பாதியை அண்ணன் கையில் கொட்டினார்கள். நானும் கொட்டினேன். நாங்கள் கொண்டுபோயிருந்த தேத்தண்ணிக் கேன் அதற்குள் காலி. அண்ணன் எங்கள் பிரியத்தை மிச்சம் வைக்காமல் நக்கி முடித்தார்.

ஒரு கரண்டித் தூளுக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கரைக்க வேண்டுமாம். பிறகு ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

இரண்டாவது செட்டின் பாதியில் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவதில் சர்வீஸ் போடக் கையைத் தூக்கியவர் கோட்டின்மேலேயே வாந்தி எடுத்தார். அதுவும் ஆரஞ்சு நிறம். தோற்றோம்.

"சிலோன்காரனுங்களுக்கு நல்லது எதும் ஒத்துக்கறதில்லீங்க" என்று துரையிடம் சொன்னார் கிளார்க், எங்கள் காதில் விழும்படியாகவே. அந்தக் குடையைப் பிடுங்கி உடைக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது.

வேலை வரவில்லை. கிளார்க்கிடம் மிச்சமிருந்த இரண்டு புட்டிகள் வந்தன, ஆறுதல் பரிசாக. அம்மா அவற்றைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். வீட்டில் சீனி தீர்ந்து பல நாளாகியிருந்தது. சேலை மறைப்புக்கு உள்ளே தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் அந்தத் தூளைக் கொஞ்சம் வைத்தாள். நக்கினோம். இனிப்பாகத்தான் இருந்தது.

"நீயும் கைய நீட்டுப்பா" என்றாள் அண்ணனிடம்.

அண்ணன் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.