சுயம்புவின் கைக்கு எழுதாத சீட்டு

1. சீட்டை ஏற்ற ஒரே டாக்டர்

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டம் ஏறியதற்கு அடுத்த வருஷம், திருநெல்வேலி தாலுகா போர்டு ஆபீஸில் ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதும் மேஜை எனக்குக் கிடைத்தது. ஏழைகள் போர்டு செலவில் வைத்தியம் பார்த்துக்கொள்ள அந்தச் சீட்டு வேண்டும். ஊர் முன்சீப்பின் சான்றைப் பார்த்து நான் எழுதுவேன். ஹெட் கிளார்க் முத்திரை வைப்பார்.

அப்போதுதான் எக்ஸ்ரே கருவி எங்கள் பக்கம் வந்திருந்தது. ஜனங்கள் அதை எலும்புப் படம் என்றார்கள். சீட்டுக்குப் படம் எடுக்கும் டாக்டரைக் கண்டுபிடிப்பது என் முதல் வேலை. கடிதம் போட்டுத் தேடியதில் கருவி வைத்திருந்தவர்கள் இரண்டே பேர் அகப்பட்டார்கள். மதுரைப் பக்கத்து டாக்டர், "சீட்டு வேண்டாம், ரொக்கம் வேண்டும்" என்று பதில் எழுதினார். பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்த டாக்டர் ஞானமுத்து மட்டும், "சீட்டு சரியாக இருந்தால் ஆளை அனுப்புங்கள்" என்று எழுதினார். அந்தக் கடிதத்தைப் பைலில் வைத்தபோது பெரிய காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டர் ஏற்றால் போதாது, மேஜையும் ஏற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை.

2. எந்த ஊர்?

வைகாசியில் சுயம்பு என்ற பனையேறி வந்தார். வலது முழங்கை பலாக்காய் போல வீங்கியிருந்தது. கூட அவர் மனைவி தங்கம். கையில் டிஸ்பென்சரி டாக்டரின் துண்டுத்தாள்: படம் எடுத்துப் பார்க்காமல் கட்டக் கூடாது, தாமதித்தால் கை மடங்காமல் போகும்.

மடங்காத கையோடு பனை ஏற முடியாது. இது எனக்குப் புரியாமல் இல்லை.

"உனக்கு எந்த ஊரு?" என்று கேட்டேன். என்னைவிட மூத்தவரை அப்படித்தான் கேட்டேன்.

"ராதாபுரம் பக்கம் அய்யா. பங்குனியில வந்தோம். இப்பம் கங்கைகொண்டான் பனைவிளையில குடிசை போட்டிருக்கோம். அங்கனதான் விழுந்தேன்."

பதநீர்க் காலத்தில் தென்கோடிப் பனையேறிகள் குடும்பத்தோடு கிளம்பி, பனை உள்ள ஊர்களில் ஆறு மாதம் தங்குவது வழக்கம். சொந்த ஊர் போர்டில்தான் சீட்டு என்ற என் ரூல் தாளில் அந்த வழக்கத்துக்கு இடமில்லை.

"ராதாபுரம் நாங்குநேரி போர்டு. அங்கே போய்ச் சீட்டு வாங்கு."

"கை இப்படிக் கெடக்கு. அவ்வளவு தூரம் வண்டியில குலுங்குனா என்னத்துக்கு அய்யா ஆவும்?" என்றார் தங்கம்.

"சட்டம் அப்படி" என்றேன்.

போனார்கள். 'அடுப்பு எரிகிற ஊரில் கேள்' என்று நாங்குநேரியில் திருப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் என்னிடம் வந்தார்கள். எங்கள் தாலுகாவைச் சேர்ந்த கங்கைகொண்டானின் முன்சீப்பிடம் அனுப்பினேன். 'ஆவணி பிறந்தால் மூட்டை கட்டுகிறவனுக்கு நான் எப்படிச் சான்று கொடுப்பது?' என்று அவரும் கைவிரித்தார். ஒன்பதாம் நாள் மறுபடி என் மேஜை முன்னால் நின்றார்கள்.

"அந்த ஊருக்காரவ இந்த ஊருங்காவ, இந்த ஊருக்காரவ அந்த ஊருங்காவ" என்றார் தங்கம். "பனைக்குத்தான் அய்யா ஊரு இருக்கு. ஏறுதவனுக்கு ஏது ஊரு?"

பக்கத்து மேஜையிலிருந்து ஹெட் கிளார்க் மீரான் சாகிபு எழுந்து வந்தார். டிஸ்பென்சரித் தாளை வாங்கிப் படித்தார்.

"ரூல் தாளுக்குப் பின்பக்கம் ஒண்ணு இருக்கே. படிச்சீரா வே?"

"படித்தேன்."

"பெறவென்ன? கையெழுத்துப் போட உமக்குக் கை வலிக்கா? வலிக்கது அவருக்குல்லா வே!"

அவசரமானால் டாக்டரின் தாளை வைத்தே சீட்டு எழுதலாம், சான்று பிறகு வரலாம் என்று பின்பக்கத்தில் இருந்தது. முதல் நாளே எனக்கு அது தெரியும். பிறகு சான்று வராவிட்டால் ஆடிட்டில் என் பெயர் அடிபடும் என்று பயந்தேன். அறியாமல் செய்த பிழை அல்ல அது.

3. கண்ணாடித் தகடு

சீட்டை எழுதி, நானே வண்டியில் கூடப் போனேன். கறுப்புத் துணி தொங்கிய அறையில் சுயம்புவின் கையை ஒரு மரப்பெட்டி மேல் வைத்து, அசையக் கூடாது என்றார் டாக்டர். கருவியின் டியூப் பச்சையாக மினுங்கத் தொடங்கியது. சுயம்பு என்னைக் கூப்பிட்டார்.

"உள்ள உள்ளது எல்லாம் தெரியுமா அய்யா? நேத்துக் குடிச்சதுமா?"

"கை மட்டுந்தான் தெரியும்வே. கள்ளு வயித்துலயே இருக்கட்டும்" என்றார் டாக்டர். தங்கம் அந்த ஒன்பது நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

கண்ணாடித் தகட்டை டெவலப் செய்து வெளிச்சத்தில் பிடித்ததும் டாக்டரின் முகம் மாறியது. எலும்பு கோணலாகக் கூடத் தொடங்கியிருந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பிரித்துத்தான் மறுபடி சேர்க்க வேண்டும்.

"இவ்வளவு நாள் எங்க இருந்தாங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வரத் தாமதிச்சிட்டாங்க, டாக்டர்" என்றேன்.

டாக்டர் சுயம்புவைத் திட்டினார். தங்கம் பேச வாயெடுத்தார். சுயம்பு தன் நல்ல கையால் தங்கத்தின் முழங்கையைத் தொட்டுத் தடுத்தார்.

4. இரண்டு ஊர்

கை பிழைத்தது, ஆனால் முழுக்க நீளவில்லை. சுயம்பு அதன் பிறகு பனை ஏறவில்லை. கருப்பட்டி வியாபாரத்தில் இறங்கி, அதில் நன்றாகவே வந்தார்.

அவர் கைக்குக் கட்டுப் போட்ட மாதமே மீரான் சாகிபுவின் சம்மதத்தோடு ரிஜிஸ்டரில் இரண்டு பத்தி போட்டேன்: சொந்த ஊர், இப்போது உறங்கும் ஊர். இரண்டில் எது எங்கள் தாலுகாவில் இருந்தாலும் சீட்டு உண்டு. அந்த மேஜையில் நான் இருந்தவரை ஒரு பனையேறிகூடத் திரும்பிப் போகவில்லை. அந்த நிறைவு எனக்கு உண்டு. டாக்டர் ஞானமுத்துவிடம் மட்டும் உண்மையைச் சொல்லாமலே இருந்துவிட்டேன். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

நாலைந்து வருஷம் கழித்து, மரத்திலிருந்து விழுந்த வேறொருவரை சுயம்பு கூட்டி வந்தார். சீட்டு எழுதி முடித்ததும், "அண்ணாச்சி, அன்னைக்கு டாக்டர்கிட்ட நான் சொன்னது பொய். நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் கோணல் கையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"கை என்னுது, சீட்டு உங்களுது. நீங்களும் டாக்டரும் சண்டை போட்டுச் சீட்டு செல்லாதுன்னு ஆயிட்டா, நான் எங்க போவேன்? அது வைத்தியத்துக்கு நேரம் அய்யா, வழக்குக்கு இல்ல."

அவர் மேஜை மேல் ஒரு கருப்பட்டியை வைத்துவிட்டு, வந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு பைய நடந்தார்.

இந்த மேஜைக்கு வரும் இளைஞர்களே, ஆள் வந்து நின்றால் முதலில் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஊரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.