ஜன்னல் உடையவில்லை என்று எழுதினேன்

வெடித்த இடத்தைப் பார்த்து, அங்கே எவ்வளவு வெடிமருந்து இருந்திருக்கும் என்று சொல்வது என் உத்தியோகம். வெடித்ததும் காற்று ஒரு தள்ளு தள்ளும். எவ்வளவு தூரம் வரை கண்ணாடி நொறுங்கியது என்று அளந்தால் அதன் பலம் தெரிந்துவிடும். தரையில் வெடித்தால் தரையும் திருப்பி அடிக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நொறுங்கிய தூரம் இரண்டு மடங்கானால் மருந்து எட்டு மடங்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என்ன பிரயோஜனம்!

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு பட்டாசு குடோன் வெடித்து, உள்ளே தனியாக வேலை பார்த்தவர் போய்விட்டார். மருந்து கொஞ்சம்தான் இருந்தது, அந்த ஆள் டீ போட்ட சிலிண்டர்தான் வெடித்தது என்று முதலாளி சாதித்தார். என்னைப் பதினெட்டாம் நாள்தான் அனுப்பினார்கள். சுற்றிலும் ஓட்டு வீடுகள். கண்ணாடி ஜன்னல் இருந்தது குடோனிலிருந்து நன்றாகத் தள்ளியிருந்த ஒரே வீட்டில்தான். அது இறந்தவரின் வீடு.

அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். "அவரு அங்க அடுப்பே பத்த வெக்க மாட்டாருங்க சார். அவரு மேல பழி வராம பாத்துக்கங்க."

தலையாட்டிக்கொண்டே ஜன்னல்களைப் பார்த்தேன். நான்கும் முழுசாக இருந்தன. போட்டோ எடுத்தேன், கண்ணாடி உடையவில்லை என்று எழுதினேன். மருந்து குறைவு, சிலிண்டராக இருக்கலாம் என்று அறிக்கை போயிற்று. தன் வினையைத் தானே தேடிக்கொண்டான் என்று ஊரே அவரைப் பேசியது.

சில மாதம் கழித்து வேறெதையோ தேடும்போது அந்தப் போட்டோ கண்ணில் பட்டது. கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்க ஓரத்தில் பூசும் மக்கு புதிதாக இருந்தது, அதில் யாரோ விரலால் அழுத்திய தடம். அப்படியானால் கண்ணாடியே புதிது. மறுநாளே பஸ் ஏறினேன்.

"இந்தக் கண்ணாடி எப்பம்மா போட்டீங்க?"

"பதினாறாம் நாள் காரியத்துக்குங்க. வெடிச்சன்னைக்கு எல்லாம் நொறுங்கிப்போச்சு. சொந்தக்காரங்க வர்ற வூடு, அப்படியே வெச்சிருக்க முடியுங்களா?"

இவ்வளவு தூரத்தில் உடைந்த கண்ணாடிதான் அவர் புருஷனுக்குச் சாட்சி என்பதையும், அதை நான் தவறவிட்டதையும் சொன்னேன். அறிக்கையைத் திருத்தி அனுப்புகிறேன் என்றேன். என் குரலே எனக்கு அசிங்கமாக இருந்தது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"நான் பக்கத்துலயேதானுங்களே சார் நின்னேன்," என்றார். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."