பன்னிரண்டு கிளிக்

என் மேசையில் ஒரு பழைய ஸ்கோப் கிடக்கிறது. காற்றுத் துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கும் குழாய். நீளம் இருபத்தெட்டு சென்றிமீற்றர். கறுப்புப் பூச்சில் ஐந்து கீறல்கள். நான்கு என் சகலனுடையவை, ஐந்தாவது என்னுடையது. வலப்பக்கத்தில் போத்தல் மூடியைவிடச் சிறிய ஒரு மூடி. அதைத் திருகிக் கழற்றினால் உள்ளே கோடுகள் பொறித்த ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். சக்கரத்தில் ஒரு கோட்டின்மேல் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்திருக்கிறது. முப்பது ஆண்டுகளாக நான் திறக்காத அந்த மூடியை இன்று காலை திறந்தேன்.

சகலன் என் மனைவியின் தங்கையை மணந்தவர். என்னைவிட ஆறு வயது இளையவர். லண்டனுக்கு என்னைவிடப் பதினான்கு மாதம் பிந்தி வந்தவர். ஊரில் கணித ஆசிரியனாக இருந்த நான் இங்கே கவுன்சிலில் எழுதுவினைஞனானேன். அவர் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்த்தார். கார் ஓட்டும் பரீட்சையில் நான் நான்காம் தடவை தேறினேன்; அவர் முதல் தடவை. மாமியார் ஊரிலிருந்து எழுதும் நீலக் கடிதங்களில் அவரைப் பற்றி ஏழு வரி இருக்கும், என்னைப் பற்றி இரண்டு. அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. செய்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

சுடும் கழகத்தில் முதலில் சேர்ந்தவன் நான்தான். எண்பதுகளின் நடுவில், அலுவலகத்தில் உடன் வேலை செய்த ஒரு வெள்ளையர் கென்ட் பக்கத்தில் இருந்த பழைய சுண்ணாம்புக் குழி ஒன்றுக்கு என்னை அழைத்துப் போனார். எலி, காகம், முயல் வடிவில் வெட்டிய இரும்புத் தகடுகளைப் புதர்களுக்கிடையே நிறுத்தியிருப்பார்கள். தகட்டின் நடுவே ஒரு துளை. ஈயக் குண்டு அதற்குள் நுழைந்து பின்னால் இருக்கும் விசையைத் தட்டினால் தகடு விழும்; விளிம்பில் பட்டால் நின்றுகொண்டே இருக்கும். எனக்கு அந்தத் தெளிவு பிடித்தது. மனைவிக்குப் பிடிக்கவில்லை. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்தனாங்கள்? இஞ்ச வந்து ஆசைப்பட்டுத் துவக்குத் தூக்கிறியளே!" என்றாள். துவக்கைக் கிரிக்கெட் பைக்குள் வைத்துத்தான் லூயிஷாம் வீட்டுக்குள் கொண்டு வந்தேன். ஒன்பதாம் மாதம் சகலனும் வந்து சேர்ந்தார். "அண்ணை, தகரக் காகத்தைச் சுட்டால் வெள்ளிக்கிழமை விரதத்துக்குப் பங்கமில்லைத்தானே?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். எனக்கு எட்டு மாதமாகப் பெயர் சொல்லி ஒருவரும் வணக்கம் சொல்லாத இடத்தில் அவருக்கு மூன்றாம் ஞாயிறே தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள்.

ஸ்கோப் வாங்க நான் ஒன்பது விலைப்பட்டியல்களைப் படித்தேன். கழகச் செயலாளர், ஓய்வு பெற்ற தபால்காரர், இரண்டு விஷயங்கள்தான் சொன்னார்: கடை வாசலில் நின்று வெளிச்சமான தெருவைப் பார்த்துத் தெரிவு செய்யாதே, நிழலில் இருக்கும் வேலியைப் பார்; பெருக்கம் கூடக் கூட உன் நடுக்கமும் பெருகும். முதலாவதைக் கேட்டேன். இரண்டாவதைக் கேட்கவில்லை. இருபத்துநான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பை வாங்கினேன். அதற்குள் பார்த்தால் குறிக்கோடு என் இதயத்தோடு சேர்ந்து துடித்தது. நிமிடத்துக்கு எழுபத்தெட்டுத் தடவை. எண்ணிப் பார்த்திருக்கிறேன். சகலன் யாரோ கழித்துவிட்ட நான்கு மடங்கு ஸ்கோப் ஒன்றைப் பூட்டிக்கொண்டு தகடு தகடாக விழுத்தினார். "எனக்கும் ஆடுதுதான் அண்ணை. ஆனால் இதுக்குள்ள தெரியேல்லை. தெரியாட்டிக் கவலையில்லைத்தானே," என்றார். அவர் முப்பது தகட்டுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு எடுப்பார். நான் இருபதைத் தாண்டினால் வீட்டில் சொல்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மற்றொரு கழகத்தோடு மோத நால்வர் அணி ஒன்றைத் தெரிவு செய்தார்கள். மூன்று இடங்களில் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். நான்காவது இடம் எனக்கா சகலனுக்கா என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் முப்பது தகடுகள் சுட்டுத் தீர்க்க வேண்டும். தெரிவானவருக்குச் சட்டையில் தைக்க ஒரு துணிச் சின்னம் கிடைக்கும். உள்ளங்கை அளவுத் துணி. அதற்காக நான் இரண்டு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை.

ஸ்ட்ரெதமில் சகலனின் பிளாட் சிறியது. அவருடைய துவக்கும் எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழ் அலுமாரியில்தான் இருக்கும். அந்த ஞாயிறு காலை அவர் ஷிப்ட் முடிந்து நேரே கழகத்துக்கு வருவதாகவும், இரண்டு துவக்குகளையும் நானே கொண்டுவர வேண்டும் என்றும் ஏற்பாடு. ஆறரை மணிக்கு அலுமாரியைத் திறந்தேன். அவருடைய ஸ்கோப்பின் பக்க மூடியைக் கழற்றினேன். சக்கரத்தை ஒரு கோடு திருப்பினால் 'கிளிக்' என்று விரலுக்கு மட்டும் கேட்கும். குண்டு விழும் இடம் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். ஆறு கிளிக் போதாது, அவர் தப்பிவிடுவார். இருபது என்றால் முதல் சூட்டிலேயே பிடித்துவிடுவார். ஒரு நாணயத்தை வைத்துப் பன்னிரண்டு திருப்பினேன். இருபத்தைந்து கெஜத்தில் முக்கால் அங்குலம் இடப்பக்கம். நாணயம் வழுக்கியதில் விழுந்ததுதான் அந்த ஐந்தாவது கீறல். தன் சரியான நிலையை அடையாளம் வைக்க தன் மனைவியின், அதாவது என் மச்சாளின், நகப்பூச்சால் அவர் போட்டிருந்த சிவப்புப் புள்ளி, குழாயில் இருக்கும் நிலைக்குறியிலிருந்து பன்னிரண்டு கோடுகள் தள்ளிப் போய் நின்றது. மூடியை மூடினேன்.

போட்டி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் அவர் வந்தார். கண் சிவந்திருந்தது. வெற்று அட்டையில் இரண்டு குண்டு சுட்டுச் சரிபார்க்கச் சொன்னார் செயலாளர். சகலன் கை காட்டி மறுத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்கள் கொண்டுவந்த சாமானுக்கு என்ன பரீட்சை அண்ணை," என்றார்.

அவர் பதினேழு எடுத்தார். நான் இருபத்தொன்று.

கதை அதோடு முடிந்திருந்தால் ஒரு சின்னத்தனம் என்று மறந்திருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு அவர் துவக்கை என்னிடம் நீட்டி, "ஒருக்காச் சுட்டுப் பாருங்கோ அண்ணை. பிழை இதிலயோ என்னிலயோ எண்டு தெரியவேணும்," என்றார். முப்பத்தைந்து கெஜத்தில் ஒரு தகர முயல் நின்றது. எவ்வளவு விலகும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். துளையின் வலப்பக்கம் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூட விட்டுக் குறிபார்த்து விசையை இழுத்தேன். முயல் விழுந்தது. இரண்டாம் தடவையும் விழுந்தது. என் வாழ்நாளில் நான் சுட்டவற்றுள் மிகச் சிறந்தவை அந்த இரண்டும்தான்.

"துவக்குச் சரிதான். நீர் கண்ணைக் காட்டும்," என்றேன்.

அவர் காட்டினார். கண்ணாடிக் கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு கண்ணிலும் அழுத்தம் கூடியிருந்தது. வலி இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னும் நோய், மிகத் தொடக்கத்தில் அகப்பட்டிருக்கிறது, சொட்டு மருந்து விட்டால் போதும் என்றார்கள். குடும்பம் முழுவதும் அதை அற்புதமாகக் கொண்டாடியது. லூயிஷாம் சிவன் கோயிலில் மச்சாள் அர்ச்சனை செய்தபோது அர்ச்சனைச் சீட்டில் என் பெயரும் நட்சத்திரமும் இருந்தன. "அத்தான் அண்டைக்குச் சுட்டுக் காட்டியிராட்டி இவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரே?" என்று பிரசாதத்தை முதலில் எனக்குத் தந்தாள். என் மனைவிகூட என்னைப் பெருமையோடு பார்த்தாள். பத்தொன்பது வருட மணவாழ்வில் அப்படிப் பார்த்தது மூன்றாவது தடவை. நானோ, நான் செய்த கெடுதல்கூட அவருக்கு நன்மையாகத்தானா போய்ச் சேர வேண்டும் என்று உள்ளே வெந்துகொண்டிருந்தேன். அணியோடு போய் அந்தப் போட்டியில் பதினொன்று எடுத்தேன். நால்வரில் கடைசி.

இரவு ஷிப்டோடு ஞாயிறு காலையும் ஏலாது என்று சகலன் கழகத்தை விட்டார். துவக்கை விற்றுவிட்டு ஸ்கோப்பை மட்டும் என்னிடம் தந்தார். "கண்ணைக் காப்பாற்றின சாமான். உங்களிட்டத்தான் இருக்கவேணும்," என்றார். அப்படிச் சொல்லித் தந்ததிலேயே, அதன் பிறகு அவர் மூடியைத் திறந்து புள்ளியைப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு அப்போதே விளங்கியது. "அண்ணை, நீங்களும் ஒருக்காக் கண்ணைக் காட்டுங்கோ. வயது வந்தால் பாக்கவேணுமாம்," என்று அன்றைக்கே இரண்டு தடவை சொன்னார்.

"உமக்கு வந்ததெல்லாம் எனக்கும் வரவேணுமோ?" என்றேன். அவர் சிரித்தார்.

தொடர்ந்து சுட்டேன். ஆறேழு ஆண்டுகள் கழித்து, என் இருபத்துநான்கு மடங்கு ஸ்கோப்பின் மேல் ஓரத்தில் பிறை போல ஒரு நிழல் தெரியத் தொடங்கியது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே தூரம் பிழைத்தால் அப்படி ஒரு நிழல் விழும். சுடுகிற எல்லோருக்கும் அது தெரியும். அதனால் பூட்டைத் தளர்த்தி ஸ்கோப்பை நான்கு மில்லிமீற்றர் முன்னே தள்ளினேன். பிறகு ஆறு பின்னே இழுத்தேன். தலை வைக்கும் கட்டைக்குத் தோல் ஒட்டினேன். இரண்டு ஆண்டுகளில் பதினொரு தடவை மாற்றினேன். குறிப்புப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. நிழல் ஸ்கோப்பில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது வலக்கண்ணில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. எப்போதிருந்து என்று டொக்டர் கேட்டார். என்னால் திகதியோடு சொல்ல முடிந்தது.

இப்போது மிஞ்சியிருக்கும் இடக்கண்ணுக்குக் காலையும் இரவும் ஒவ்வொரு சொட்டு. காலை எட்டுக்குச் சகலன் தொலைபேசியில் கூப்பிடுவார். எழுபத்திரண்டு வயதில் கண்ணாடி போடாமல் பேப்பர் வாசிக்கும் மனிதர். "மருந்து விட்டாச்சோ அண்ணை?" என்று கேட்பார். ஓம் என்று வைத்துவிடுவேன். அந்தக் குரலில் இருக்கும் அக்கறை ஒவ்வொரு நாளும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

இன்று மேலதிகமாக ஒன்று கேட்டார். "மத்தியானம் சாப்பிட வாறம். அந்தப் பழைய ஸ்கோப் இருக்கோ? ஒருக்காப் பாக்கவேணும் போல கிடக்கு."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடத் தேவையில்லை, எங்கே இருக்கிறது என்பது எப்போதும் தெரியும். மூடியைக் கழற்றி, நாணயத்தை எடுத்தேன். பன்னிரண்டு கிளிக் பின்னுக்குத் திருப்பினால் சிவப்புப் புள்ளி தன் இடத்துக்கு வந்துவிடும். அரை நிமிட வேலை. நாணயத்தைப் பொருத்தி எடுத்து, மறுபடி பொருத்தி எடுத்தேன். ஏழு தடவை.

பிறகு நாணயத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். ஸ்கோப் மேசையில் கிடக்கிறது. மூடி பக்கத்தில் தனியே இருக்கிறது. புள்ளி பன்னிரண்டு கோடு தள்ளியே நிற்கிறது. கண்ணாடி இல்லாமலே அவருக்கு அது தெரியும். பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொன்னார். இப்போது பன்னிரண்டு எட்டு. கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. அதிலும் அவர் முந்திவிட்டார்.