ஆஷாடத்தில் கடல்

அன்றைக்கு இருந்தவர்கள்: காய் நறுக்கும் அக்கா. இலை போடுகிறவள். ரங்கோலி போடுகிறவள். பாத்திரம் கழுவுகிற நான். நாலு பேருக்கும் மைசூரில் ஒரே கல்யாணச் சத்திரத்தில் வேலை.

அது அந்த சீசனின் கடைசிக் கல்யாணம். அடுத்து ஆஷாடம், தமிழ்க்காரர்களுக்கு ஆடி மாதிரி. ஆஷாடத்தில் இங்கே யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். சத்திரத்தைப் பூட்டிவிடுவார்கள். நாலு பேரும் ஒரே சமயத்தில் சும்மா இருப்பது வருடத்தில் அந்த ஒரு மாதம்தான்.

கடைசி அண்டாவைக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மிஞ்சின பாயசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இலைக்காரிதான் ஆரம்பித்தாள்.

"இந்த வருசமாச்சும் கடலுக்குப் போறமா, இல்ல இந்தப் பாயசத்துலயே முங்கிக்கறமா?"

மூன்று ஆஷாடமாக இதே பேச்சு. ஒரு வருடம் பேசியே மாதம் முடிந்துவிட்டது. ஒரு வருடம் அக்காவுக்குக் காய்ச்சல். போன வருடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனோம். அங்கே நின்றுகொண்டு எந்த ஊர் என்று சண்டை. கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ் ஏறி, ஆற்றில் குளித்துவிட்டு வந்தோம். ஆறு நான் பார்க்காததா?

கடல் பார்த்ததில்லை. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பிறந்தது மலைக்காட்டுப் பக்கம் கௌதள்ளி, கட்டிக் கொடுத்தது மைசூருக்கு. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மங்களூருக்கு லோடு அடித்து அடித்து அவருக்குக் கடல் சலித்துவிட்டது. கடலில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "தண்ணி" என்பார். அவ்வளவுதான்.

இந்த வருடத்தை விட்டால் எனக்கு இல்லை. மகளுக்கு ஆவணியில் பிரசவம். அவள் கார்மெண்ட்ஸ் வேலைக்குத் திரும்பப் போனால் பிள்ளை என்னிடம்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்த ஊருக்கும் போக முடியாது. இதை அவர்களிடம் சொன்னேன். சரி சரி என்று தலையை ஆட்டினார்கள். பிறகு அவரவர் பாட்டைத் தொடங்கினார்கள்.

அக்காவுக்குக் கோயில் வேண்டும். கோயில் இல்லாத ஊருக்குப் போவதில் அவளுக்கு அர்த்தமே தெரியாது. அதோடு ஆஷாட வெள்ளி ஒன்று விடாமல் சாமுண்டி மலைப் படி ஏறுகிறவள். எங்கே போனாலும் வெள்ளிக்கிழமை விடியும்போது மைசூரில் இருந்தாக வேண்டும். இலைக்காரிக்கு மீன் வேண்டும். மேட்டூரில் டேம் மீன் தின்று வளர்ந்தவள், கடல் மீனைப் பிடித்த அன்றே தின்ன வேண்டும் என்று ஆசை. ரங்கோலிக்காரி எங்களில் சின்னவள், மைசூரிலேயே பிறந்தவள், பேசுவதில் பாதி கன்னடம். அவளுக்குப் போட்டோ வேண்டும். ஐஸ்கிரீம் வேண்டும். மால் இருந்தால் மாலும் வேண்டும்.

"முருடேஸ்வர் போலாம். கடலும் இருக்குது, சிவனும் இருக்காரு," என்றாள் அக்கா.

"அங்க போயிச் சேரவே ஒரு நாளாகும். சாமியப் பாத்த கையோட உன்ற மலைக்குத் திரும்பிரோணும். மீனு எப்பத் திங்கறது?" என்றாள் இலைக்காரி.

"ஆஷாடத்துல மீனா? மலை ஏறுற வாயிலயா?"

"வாயாலயாக்கா மலை ஏறுற? காலுலதான?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். ரங்கோலிக்காரி நடுவில் புகுந்து, "கன்னியாகுமரி போலாம்க்கா, சூரியன் சக்கத்தா, சூப்பரா இருக்கும்," என்றாள்.

அது நடக்காது. கர்நாடகத்தில் சாதா அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. ஆதாரில் இந்த மாநில விலாசம் இருந்தால் கண்டக்டர் சும்மா ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். எல்லையைத் தாண்டினால் அது செல்லாது. எங்களுக்குக் கட்டுப்படியாவது அந்த டிக்கெட் போகிற தூரம் வரைக்கும்தான்.

"மங்களூர்," என்றேன். "ராத்திரி பஸ்ஸு. பகல்ல சுத்திட்டு மறுபடி ராத்திரி பஸ்ஸு. ரூம் வேண்டாம்."

அதுதான் கடைசி முடிவாகவும் ஆயிற்று. ஆனால் அதற்கு மூன்று வாரம் பிடித்தது.

ரங்கோலிக்காரி போனில் ஒரு குரூப் தொடங்கினாள். நீலமாக ஓர் அலைப் படம் வைத்தாள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பதால் எல்லாரும் பேசியே அனுப்பினார்கள். அடுப்படியில் போனை வைத்துவிட்டுக் கேட்பேன். ஊரைப் பற்றி, நாளைப் பற்றி ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தால், சேலை.

"எல்லாரும் ஒரே கலர் சேலை கட்டலாமாக்கா? போட்டோ சக்கத்தா வரும்."

"எங்கிட்ட இருக்கறது வாழையிலைக் கலருதான்."

"மஞ்சள்னாச் சரி. சாமிக்கும் ஆகும்."

"மஞ்சள் பேடாக்கா, வேண்டாம். அதுல நான் கருப்பாத் தெரிவேன்."

"நீ எதுல அம்மிணி செவப்பாத் தெரிஞ்ச?"

இப்படி மூன்று நாள். நான் ஒரு தடவைதான் பேசி அனுப்பினேன். "இருக்கறதக் கட்டிட்டு வருவேன்." அதற்கு மூன்று பேரும் கை கூப்பின படம் அனுப்பினார்கள். எதற்கு என்று தெரியவில்லை.

பிறகு ஆதார் சண்டை வந்தது. இலைக்காரி மைசூருக்கு வந்து பதினெட்டு வருடம். ஆதாரில் மட்டும் இன்னும் மேட்டூர் விலாசம். ஊருக்குள் பத்து இருபது ரூபாயில் போகிற வரைக்கும் யாருக்கும் அது ஞாபகத்தில் இல்லை. மங்களூர் என்றதும் அவளுக்கே உறைத்தது. எல்லாரையும் என் வீட்டுக்கு வரச் சொன்னாள். என் வீட்டுக்கு, என்னைக் கேட்காமல்.

"நீங்க மூணு பேரும் ஓசி. நான் மட்டும் போகவரக் காசு குடுக்கோணும். நான் வரல."

"அப்ப கார்ட மாத்து," என்றாள் அக்கா.

"வீட்டு ஓனரு எழுதித் தர மாட்டீங்கறான். போன வருசமே கேட்டாச்சு."

"அப்ப அடுத்த வருசம் போலாம்," என்றாள் ரங்கோலிக்காரி.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்துகொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. சத்தம் போடவில்லை. சத்தம் போட ஏற்கெனவே ஆள் இருந்தார்கள்.

"உன்ற டிக்கெட்ட நாங்க மூணு பேரும் போட்டுக்கறோம்," என்றேன்.

"எனக்கென்ன பிச்சையா?"

"அப்ப எல்லாருக்கும் சாப்பாடு உன்னுது. கட்டிட்டு வா."

யோசித்தாள். "புளிச்சாதமா, எலுமிச்சையா?" என்றாள்.

சண்டை சாதத்துக்கு மாறியது. நான் எழுந்து டீ போடப் போய்விட்டேன்.

வீட்டுக்காரரிடம் புதன்கிழமை போகிறோம் என்று சொன்னேன். "கடலுக்கா? இப்பவா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். மேலே கேட்கவில்லை.

பஸ்ஸில் எங்கள் மூன்று பேருக்கும் சும்மா டிக்கெட். இலைக்காரிக்குக் காசு டிக்கெட். அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"காசு குடுத்தவ நான் ஒருத்திதான். ஜன்னல் எனக்கு."

"காசு குடுத்தது நாங்க," என்றாள் அக்கா.

"குடுத்தது நீங்க. நீட்டினது என்ற கை."

ஜன்னலை அவளே பிடித்தாள். மடிக்கேரி நெருங்கும்போது மழை பிடித்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க மூடவில்லை. அவள் பாதி நனைந்தாள். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அது.

மைசூரில் ஆஷாடம் என்றால் காற்று, கொஞ்சம் தூறல். அதனால் எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மங்களூரில் இறங்கினால், அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஊற்றுகிறது. பஸ் ஸ்டாண்டில் காசு கொடுத்துக் குளித்தோம். வெளியே வந்ததும் மறுபடி குளித்தோம், அதற்குக் காசு இல்லை. மூன்று பேரும் எப்படியோ மஞ்சள் சேலை தேடிக் கட்டியிருந்தார்கள். நான் ஊதா.

"மொதல்ல கடலு," என்றேன்.

"மழ விடட்டும்க்கா. போன் நனஞ்சு போகும்."

கோயிலுக்குப் போனோம். அக்கா ஒவ்வொரு சந்நிதியாகச் சுற்றினாள். பிறகு அந்த மழையில் ஐஸ்கிரீம். பல் கிட்டிக்கொண்டது. ரங்கோலிக்காரி அதைத் தின்னாமல் கையில் பிடித்துப் படம் எடுத்தாள், அது உருகி மஞ்சள் சேலையில் வழிந்தது. பிறகு மீன் ஹோட்டல். அக்கா வாசலிலேயே நின்றுகொண்டாள். சர்வர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"மழைக்காலத்துல படகு கடலுக்குப் போகாதும்மா. ரெண்டு மாசம் பந்த். ஐஸ்ல வச்ச மீனுதான் இருக்கு."

விலையும் சொன்னார். இலைக்காரி எழுந்துவிட்டாள். மேட்டூரில் இந்தக் காசுக்கு ஒரு டேமையே வாங்கலாம் என்றாள். மூடின கடை வாசல் ஒன்றில் ஒதுங்கி, புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். மீன் வறுக்கிற வாசனை அங்கே வரைக்கும் வந்தது. அவள் அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"கடலு," என்றேன்.

"பக்கத்துல ஒரு மால் இருக்குதுக்கா. அதுக்குள்ள மழ விட்டுரும்."

மாலில் எங்கே பார்த்தாலும் கண்ணாடி. ஓடுகிற படியில் அக்கா ஏற மாட்டேன் என்றாள். ஆஷாடத்துக்கு ஆஷாடம் மலை ஏறுகிற கால், அந்தப் படிக்கு முன்னால் நகரவில்லை. அவளை ஏற்றி இறக்கவே நேரம் போயிற்று. சாயங்காலம் ஆகிவிட்டது. ராத்திரி பஸ்ஸுக்குத் திரும்பி வர வேண்டும். மழை விடவில்லை.

"நான் போறேன். வர்றவங்க வாங்க," என்று சொல்லி நடந்தேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தால் மூன்று பேரும் பின்னாலேயே ஏறுகிறார்கள். ரங்கோலிக்காரி ஆதாரை நீட்டினாள். கண்டக்டர் சிரித்தார். இந்த ஊரில் டவுன் பஸ் எல்லாம் தனியாருடையதாம், அந்த டிக்கெட் இதில் செல்லாதாம்.

"எடுங்க எடுங்க, எல்லாரும் எடுங்க," என்று இலைக்காரி கையைத் தட்டினாள். காலையிலிருந்து அவள் முகம் அப்போதுதான் தெளிந்தது.

கடற்கரையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கடை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. சிவப்புக் கொடி ஒன்று காற்றில் கிழிகிற மாதிரி அடித்தது. மணல் தொடங்குகிற இடத்திலேயே நீளமாகக் கயிறு கட்டியிருந்தார்கள். மழைக்கோட்டு போட்ட காவலர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே வந்தார்.

"ஹிந்தெ ஹோகி! ஹிந்தெ!" பின்னால் ரோட்டுக்குப் போகச் சொன்னார். ஆஷாடம் முடிகிற வரைக்கும் யாரையும் இறங்க விட மாட்டார்களாம்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது. குரூப்பில் வைத்த நீலம் எங்கேயும் இல்லை. மண் நிறம். வானமும் அதுவும் எங்கே சேர்கிறது என்று தெரியவில்லை. சத்தம்தான் பெரிது. சத்திரத்து அண்டா எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உருட்டிவிட்டால் கொஞ்சம் கிட்டே வரும்.

"பாத்தாச்சுல்ல, வாங்க போலாம்," என்று யாராவது சொல்வார்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவர்கள் காவலரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒந்தே ஒந்து போட்டோ சார், ப்ளீஸ் சார்," என்றாள் ரங்கோலிக்காரி.

"கும்பிட்டுட்டு ரெண்டு சொட்டு தலையில தெளிச்சுக்கறோம் சாமி. உனக்கும் புண்ணியம்," என்றாள் அக்கா, தமிழிலேயே.

"சார், இதுக மூணும் ஓசியில வந்ததுக. நான் மைசூர்ல இருந்து காசு குடுத்து டிக்கெட் எடுத்து வந்தவ. என்னையாவது விடோணுமா வேண்டாமா?" என்று இலைக்காரி டிக்கெட்டைத் தேடி இடுப்பைத் தடவினாள். டிக்கெட் நனைந்து கூழாகியிருந்தது. அந்தக் கூழைக் காட்டினாள்.

அவர் ஒருவருக்குப் பதில் சொல்வதற்குள் இன்னொருத்தி கேட்டாள். இவர்களுக்குப் பதில் சொல்லி யார் ஜெயித்தது? மூன்று வாரமாக என் தலையைத் தின்ற வாய்கள். அன்றைக்கு அவர் தலை. அவரால் விசிலைக் கூட வாயில் வைக்க முடியவில்லை.

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கயிற்றை ஒட்டி நின்றேன். கயிற்றைத் தாண்டவில்லை.

நிறைய அலை பாதியிலேயே திரும்பிப் போயிற்று. பிறகு ஒன்று கயிற்றுக்கு அடியில் வந்தது. என் கால் எப்போதும் தண்ணீரில் நிற்கிற கால்தான். அது சோப்புத் தண்ணீர், எண்ணெய்த் தண்ணீர். நின்ற இடத்திலேயே நிற்கும். இது வந்து கணுக்காலைச் சுற்றிப் பிடித்து, மண்ணை உருவிக்கொண்டு போயிற்று. காலுக்கு அடியில் தரை நகர்ந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு அலை அப்படி வந்து போன பிறகு காவலர் என்னைப் பார்த்துவிட்டார். விசில் ஊதினார். வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது மைசூரில் இறங்கினோம். அக்கா அந்த நனைந்த மஞ்சள் சேலையோடு மலைக்குப் போனாள். நான் வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கடலு கிட்டக்க விட்டுச்சா?"

"கயிறு கட்டியிருந்தாங்க."

"அதான் அன்னைக்கே கேட்டேன், இப்பவான்னு."

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நீ போயிருப்பியா?"

ஈரச் சேலையைப் பிழிந்து கொடியில் போட்டேன். கொசுவத்தில் இருந்து மணல் கொட்டியது. மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கயிறு கட்டியிருந்தா, கால் நனையவே இல்லையாம்மா?"

"நனஞ்சுது."

"எத்தன அலை?"

மூன்று.