கம்பளியைக் கொடுத்துவிட்ட மாப்பிள்ளையோடு கொழும்பு வரை

இது சுற்றிப் பார்க்கப் போன பயணம் இல்லை. ஆனாலும் வீட்டில் மனம் பேதலித்த ஒருவரை மலையிலிருந்து கொழும்புக்கு அழைத்துப் போக வேண்டியவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். கினிகத்தேனை முதலான கீழ்நாட்டு ஊர்களை மலேரியா வாட்டியதற்கு மறு வருடம், தை மாதம் போனோம். எனக்கு ஹட்டன் கடைவீதியில் ஜவுளிக்கடை. தங்கை மீனாட்சியின் புருஷன் வேலுச்சாமி அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. மாப்பிள்ளை மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போவதில்லை, குடல் அழுகிவிட்டது என்கிறார் என்று தங்கை கடிதம் போட்டிருந்தாள். பேய்க்கோளாறு என்று நினைத்து நானும் ஒரு விபூதிப் பொட்டலத்தோடு கிளம்பினேன்.

ஹட்டனில் காலை ஏழு மணிக்கு பஸ். தலவாக்கலை வழியாக இருபத்து நாலு மைல், கட்டணம் எழுபத்தைந்து சதம். பத்தரைக்கு இறங்கினால் தோட்டத்துக்கு ஒரு மைல் ஏற்றம். என் தொந்திக்கு அது மூன்று மைல்.

போய்ப் பார்த்தால் மாப்பிள்ளை சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். "நேத்துலேருந்து தெளிஞ்சிட்டாருண்ணே. மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றாள் தங்கை. எனக்கும் நிம்மதி. விபூதியைப் பூசிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி பஸ்ஸுக்கு இறங்கினேன்.

பாதி வழியில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முனியாண்டி எதிரே வந்தான். தோளில் புத்தம் புதுக் கம்பளி. எங்கள் கடைக் கம்பளிக்கு மூலையில் சிவப்பு நூல் தைப்போம். தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு நான் கொடுத்தது அது.

"கணக்கப்பிள்ளையோடது தானே?"

"ஆமாங்கய்யா. 'இனிமே எனக்கு இது வேணாம், நீ போத்திக்க'ன்னு குடுத்தாருங்க. தங்கமான மனுசங்க."

தை மாதத்து அக்கரப்பத்தனையில் கம்பளியைக் கழற்றிக் கொடுக்கிறவர் யார்? குளிரும் என்று இனி நினைக்காதவர்தான். கம்பளியைத் திருப்பிக் கேட்டேன். முனியாண்டி முழித்துக்கொண்டே கொடுத்தான். பஸ் போனால் போகிறது என்று வந்த வழியே ஓடினேன்.

மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன்: "செத்துப் போகணும்னு இருக்கீங்களா மாப்பிள்ளை?"

அவர் கோபப்படவில்லை. "நான் எப்பவோ செத்துட்டேன் மச்சான். உள்ள ஒண்ணுமில்ல. கினிகத்தேனையில காய்ச்சல்ல போன சனமெல்லாம் என்னாலதான் போச்சு. பெரட்டுக்குப் பேரு கூப்பிடுற மாதிரி அவங்க பேரச் சொல்லிக்கிட்டே இருக்கு ஒரு குரல். நானும் போயிட்டா நின்னுரும்."

காலையில் நாங்கள் கண்ட தெளிவு, முடிவு எடுத்துவிட்ட தெளிவு. தங்கை வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு அவரை ஒரு நிமிஷமும் தனியே விடவில்லை. தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் வந்து பார்த்து, "இது வியாதிங்க, பேய் இல்ல" என்று கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் ஹட்டன். அங்கிருந்து வாடகைக் கார், இருபது ரூபாய். கொழும்பு கிட்டத்தட்ட எண்பது மைல். பின் சீட்டில் தங்கை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அவர்.

பதின்மூன்றாவது மைலில் கினிகத்தேனை. தேநீருக்கு நிறுத்தியபோது மாப்பிள்ளை முகத்தை மூடிக்கொண்டார். டிரைவர் சிங்களவர், நல்ல மனிதர். "ஐயா, அந்தக் காய்ச்சல் நொளம்பு கடிச்சு வந்தது. ஒங்களால இல்ல" என்றார். தன் தம்பி கூட அதில்தான் போனான் என்றும் சொன்னார். மாப்பிள்ளை அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கக் குனிந்தார். டிரைவர் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். நியாயம் பேசிப் பயனில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். மாலை மூன்றுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

போகிறவர்கள் டிஸ்பென்சர் கடிதம் இல்லாமல் போகாதீர்கள். கூட இரண்டு பேர் வேண்டும். சாக நினைக்கிறாயா என்று கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்று பயப்படாதீர்கள். நான் கேட்டதால்தான் அவர் வாய் திறந்தார். திடீரென்று தெளிந்து, பொருளையெல்லாம் கொடுக்கத் தொடங்கினால் கற்பூரம் கொளுத்தாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். எல்லோரும் குணமாவார்கள் என்று சொல்ல நான் வைத்தியன் இல்லை.

எங்கள் மாப்பிள்ளையை ஆனி மாதம் அழைத்து வந்தேன். கினிகத்தேனையில் தானே இறங்கித் தேநீர் குடித்தார். வட்டவளை ஏறும்போது தோளைக் குறுக்கிக்கொண்டு, "குளிருது மச்சான். போத்திக்க ஏதாச்சும் இருக்கா?" என்றார். சிவப்பு நூல் தைத்த கம்பளியை மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். போகும்போதே ஒரு கம்பளி எடுத்துப் போங்கள். கொழும்பு வெயிலில் அது வீண் சுமைதான். திரும்பி வரும்போது கேட்பார்கள்.